வெற்றுக் கோதைத் திருப்பிப் பார்

இந்த நாட்டுக்கு வந்து மூன்று வருடம் வரைக்கும் வேலை இடத்தைத் தவிர எனக்கு யாரையும் தெரியாது. மொழி வகுப்பில் படித்தது மருத்துவரிடம் வலியைச் சொல்லப் போதும், ஒருவரோடு உட்கார்ந்து பேசப் போதாது. கூட வேலை செய்தவர் ஒருநாள் குறி சுடும் கழகத்துக்குக் கூட்டிப் போனார். துப்பாக்கி என்றால் சீருடைக்காரர் தோளில் தொங்குவது என்று மட்டுமே தெரிந்த எனக்கு, வயதானவர்கள் முழங்கையை ஊன்றி மூச்சை அடக்கிக் காகிதத்தில் சின்னச் சின்ன ஓட்டை போடுவது புதிதாக இருந்தது, பிடித்தும் போனது. அப்புறம் பயிற்சி, தேர்வு, உரிமம் என்று எல்லாம் முறைப்படி முடித்தேன்.

சுட்ட தோட்டாவில் புது வெடிமருந்தும் குண்டும் வைத்து நாமே திரும்ப நிரப்பிக்கொள்ளலாம் என்று அங்கேதான் தெரிந்தது. சொல்லிக்கொடுத்த பெரியவர் அதிகம் பேச மாட்டார். என் உள்ளங்கையில் இரண்டு வெற்றுக் கோதுகளை, அதாவது சுட்ட பிறகு மிஞ்சும் பித்தளைக் கூடுகளை வைத்து, அடிப்பக்கத்தைத் திருப்பி, "பார்" என்பார். ஒன்று தொழிற்சாலைத் தோட்டாவின் கோது, மற்றது நான் நிரப்பியது. இரண்டும் ஒரே ரைஃபிளில் சுட்டவை. அந்த ஒப்பீடு முக்கியம், ஏனென்றால் ஒவ்வொரு ரைஃபிளும் கோதில் பதிக்கும் தடம் வேறு.

விஷயம் புரிந்தது ஒரு கோடைப் பகலில். குளிர்காலத்தில் நன்றாகச் சுட்ட அதே வெடிமருந்து அளவு, தோட்டா நிரப்புவோருக்கான கையேடு தரும் உச்சத்துக்குப் பக்கத்தில் இருந்த அளவு. அதே மருந்து, அதே குண்டு. பெட்டியை மேசையில் வெயிலில் வைத்துவிட்டு வேகமாகச் சுட்டுக்கொண்டிருந்தேன். எட்டாவது தோட்டாவுக்குப் பிறகு போல்ட்டின், அதாவது தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் எஃகுத் தண்டின், கைப்பிடி சட்டென்று மேலே வரவில்லை, உள்ளங்கையால் தட்ட வேண்டியிருந்தது. அழுக்காக இருக்கும் என்று நினைத்து அடுத்ததை ஏற்றப் போனேன். பெரியவர் என் கைமேல் கை வைத்துவிட்டார்.

கீழே கிடந்த கோதுகளைப் பொறுக்கி வரிசையாக நிறுத்தினோம். எட்டாவதின் அடியில், எழுத்துகளுக்கு மேலே, பிறை வடிவத்தில் பளபளவென்று ஒரு தேய்ப்பு. போல்ட் முகத்தில் எஜெக்டருக்காக, அதாவது வெற்றுக் கோதை வெளியே தள்ளும் பாகத்துக்காக, ஒரு துளை இருக்கிறது. நான் சுட்ட 308 வின்செஸ்டர் ரகத் தோட்டாவுக்கு அமெரிக்கத் தரம் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அவ்வளவு அழுத்தத்தை மெல்லிய பித்தளை தனியாகத் தாங்குவதில்லை, சுற்றியிருக்கும் சேம்பரின், அதாவது தோட்டா உட்காரும் அறையின், எஃகும் போல்ட்டும்தான் பிடித்துக்கொள்கின்றன. அழுத்தம் எல்லை மீறும்போது, பிடிமானம் இல்லாத அந்தத் துளைக்குள் பித்தளை பிதுங்குகிறது, போல்ட்டைத் திருப்பும்போது பிதுங்கியது மழிக்கப்படுகிறது. அதுதான் அந்தப் பிறை. நகத்தால் தடவினால் விளிம்பு தட்டுப்பட்டது.

கோதின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமரையும் பார்த்தோம். வழக்கமாக அதன் ஓரம் கொஞ்சம் உருண்டிருக்கும். இதிலோ ஓரம் பரந்து, குழியின் விளிம்புவரை நிரம்பித் தட்டையாகக் கிடந்தது. ஆனால் தட்டை ப்ரைமரை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதே என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார், அது சரியும்கூட. கோதுக்கும் சேம்பருக்கும் நடுவே இடைவெளி கூடினால், ப்ரைமர் முதலில் பின்னால் வந்து, அப்புறம் கோது நீண்டு போல்ட்டில் மோதும்போது நசுங்கும். சாதாரண அளவிலேயே இப்படி ஆகலாம். ப்ரைமரை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின் பட்ட குழியைச் சுற்றி வரப்பு போல மேடு எழுந்தாலும் அப்படித்தான், போல்ட் முகத்தில் பின் வரும் துளை கொஞ்சம் அகலமாக இருந்தாலே அது வரும். மென்மையான ப்ரைமர் சீக்கிரம் தட்டையாகும், கடினமானது எதையும் காட்டாது. ப்ரைமர் ஓட்டையாகிப் புகை கசிந்திருந்தாலோ குழியிலிருந்து கழன்று விழுந்தாலோ யோசிக்க ஒன்றும் இல்லை, அன்றைக்கு நிறுத்திவிட வேண்டியதுதான்.

அடிக்குச் சற்று மேலே சுற்றிவரத் தெரியும் வெளிறிய வளையத்தையும் புதியவர்கள் அழுத்தம் என்று நினைத்துவிடுகிறார்கள். அது பெரும்பாலும் மறுபடி நிரப்புமுன் சீரமைக்கையில் கோதின் தோளை, அதாவது கழுத்துக்குக் கீழே சரியும் பகுதியை, அளவுக்கு மீறிப் பின்னுக்குத் தள்ளியதால், ஒவ்வொரு முறையும் கோது நீண்டு உள்ளே சுவர் மெலிவதன் அடையாளம். வளைத்த கம்பியை உள்ளே விட்டு வருடினால் அந்தப் பள்ளத்தில் முனை தடுக்கும். அந்தக் கோதைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். கழுத்திலும் தோளிலும் கரி அப்பியிருந்தால் விஷயம் நேர்மாறு, அழுத்தம் குறைந்து கோது சேம்பரோடு ஒட்டவில்லை என்று அர்த்தம்.

எனக்கு இன்றைக்கும் பயமாக இருப்பது வேறு ஒன்று. தரமான கோது வரம்பைத் தாண்டின பிறகும் வாய் திறக்காமல் இருக்கும். பிறை தெரியும்போது நாம் ஏற்கெனவே எல்லைக்கு அந்தப் பக்கம் நிற்கிறோம். "அடையாளம் எதுவும் இல்லை, இன்னும் கொஞ்சம் மருந்து ஏற்றலாம்" என்று யாராவது சொன்னால் நான் கோபப்பட்டே பேசிவிடுவேன். கையேட்டின் உச்ச அளவைத் தாண்டக் கூடாது, கையேடு சொல்லும் வேகத்தைவிடக் குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானி கூடுதலாகக் காட்டினால் அந்தக் கூடுதல் வேகம் பெரும்பாலும் அழுத்தத்திலிருந்து வந்ததுதான்.

எங்கள் விஷயத்தில் காரணம் சூடு. பல மருந்துகள் வெப்பம் ஏற ஏற வேகமாக எரியும். வெயிலில் காய்ந்த தோட்டாவை, ஏற்கெனவே சுட்டுச் சூடேறிய சேம்பரில் போட்டு வைத்தால் இன்னும் மோசம். வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே சூட்டில் வளர்ந்தவன் நான், குளிரில் சரிபார்த்த அளவு கோடையில் வேறு அளவாகிவிடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கோட்டும் காலணியும் மாற்றப் பழகியிருந்தேன், அவ்வளவுதான்.

மீதிப் பன்னிரண்டு தோட்டாக்களையும் அன்று மாலை அவருடைய கொட்டகையில் ஒவ்வொன்றாகக் குண்டைக் கழற்றி, மருந்தைக் கொட்டிப் பிரித்தோம். எட்டாவது கோதில் புது ப்ரைமரை அழுத்தச் சொன்னார். எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது, குழி விரிந்துவிட்டது. கையேட்டின் தொடக்க அளவிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன், குறிப்பேட்டில் அன்றைய வெப்பநிலைக்கு ஒரு பத்தி சேர்த்தேன். அந்தக் கோது இப்போது என் மேசையில் தொழிற்சாலைக் கோதுக்குப் பக்கத்தில் நிற்கிறது. போன மாதம் கழகத்துக்குப் புதிதாக வந்த இளைஞர் ஒருவருக்கும் மொழி இன்னும் பிடிபடவில்லை. இரண்டையும் அவர் கையில் வைத்து, திருப்பி, "பார்" என்றேன்.