ஐப்பசி, டி7

அக்டோபர் 18
டி7 குழியில் ஆட்டுப் புழுக்களின் அசைவு நின்றுவிட்டது. மூன்று தட்டிலும்.

அக்டோபர் 19
விடியும்வரை தூக்கம் இல்லை. புதுப் புழு மருந்து தேடி, குழிக்கு ஒன்றாக எண்பது சேர்மங்கள் போட்டிருந்தோம். மற்ற எல்லாக் குழிகளிலும் குட்டிப் புழுக்கள் நெளிகின்றன. டி7இல் மட்டும் ஈர்க்குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு கிடக்கின்றன. கரைப்பான் மட்டும் விட்ட குழிகளில் நல்ல ஓட்டம், அதனால் இது அந்தக் கரைப்பான் டிஎம்எஸ்ஓ செய்த வேலை இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய புழு மருந்தான லெவமிசோல் விட்ட குழிகளும் நின்றிருக்கின்றன. அவை நிற்கத்தான் வேண்டும்.

சாரிடம் காட்டினேன். வெகுநேரம் மைக்ரோஸ்கோப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அப்புறம் கேட்டார்: "நிக்குது சரிம்மா. செத்துடுச்சா?"

மருந்தைக் கழுவிவிட்டுப் புதுத் திரவத்தில் விட்டிருக்கிறேன்.

அக்டோபர் 20
அண்ணி ஃபோன். யானைக்கால் உள்ள அம்மாவுக்குத் தொடை இடுக்கில் நெறி கட்டிக் குளிர் காய்ச்சல். டி7ஐத் தோழியிடம் ஒப்படைத்துவிட்டு கடலூர் பஸ் ஏறினேன்.

அக்டோபர் 21, முதுநகர்
இடது கால் முழங்கால்வரை சிவந்து கொதிக்கிறது. டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்திருக்கிறார். விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தேன். நான்காவது இடுக்கில் சேற்றுப்புண். மழை தொடங்கியதிலிருந்து வாசலில் தண்ணீர் நிற்கிறது, அம்மா அதில்தான் இறங்கி நடந்திருக்கிறார். கிருமி நுழைய அந்த வெடிப்பு போதும். புழு அடைத்துக் கெடுத்த நிணநீர்க் குழாயால் அதை எதிர்க்க முடியாது. ஒவ்வொரு காய்ச்சலுக்குப் பிறகும் கால் கொஞ்சம் கூடத் தடிக்கிறது. ஒரு சேற்றுப்புண்ணுக்கு இவ்வளவு விலை.

பச்சைத் தண்ணீர், சோப்பு. மடிப்பு மடிப்பாக, இடுக்கு இடுக்காக மெதுவாகக் கழுவினேன். தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுத்தேன். புண்ணுக்குக் களிம்பு. கீழே இரண்டு தலையணை வைத்துக் காலைத் தூக்கி வைத்தேன். அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மகள் காலைத் தொடுவது இருபது வருடமாகியும் அவருக்குக் கூச்சம்தான்.

"பாப்பா, நீ பண்ற மருந்து எப்ப வரும்?"

என்ன சொல்வது? வந்தாலும் இந்தக் கால் பழையபடி ஆகாது என்றா?

அக்டோபர் 22
தூங்கும்போது அம்மா முனகுகிறார். 101 டிகிரி.

நான் ஏழாவது படிக்கும்போது ராத்திரி பத்து மணிக்கு மேல் வந்து எங்கள் தெருவில் ரத்தம் எடுத்தார்கள். எல்லோரும் பாதித் தூக்கத்தில் விரலை நீட்டினோம். பகலில் எடுத்தால் என்ன என்று அப்பா சத்தம் போட்டார். கொசு கடிக்கிற நேரம் பார்த்துத்தான் யானைக்கால் புழுவின் குட்டிகள் தோலடி ரத்தத்துக்கு வரும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அம்மா ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று சொன்னார்கள். கால் அப்போதே வீங்கியிருந்தது. அம்மா அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டு பிள்ளையாருக்குச் சிதறு தேங்காய் விட்டார்.

அக்டோபர் 23
தோழியின் மெசேஜ்: "டி7 நெளியுது."

அக்டோபர் 24
எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 25
காய்ச்சல் விட்டது. கஞ்சி இரண்டு டம்ளர் குடித்தார். அண்ணன் மகளிடம் விரலிடுக்கைத் துடைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் புதுச்சேரி திரும்பினேன்.

அக்டோபர் 27
சாருக்கு டி7 மேல் ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று முதலில் எனக்குக் கோபம் வந்தது. அவர் சொல்வது சரிதான். குடலில் இருக்கும் புழு சாக வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் பிடி விட்டாலே போதும், குடல் அதைத் தள்ளி வெளியேற்றிவிடும். லெவமிசோலும் பைரன்டெலும் அப்படித்தான் வேலை செய்கின்றன. பள்ளியில் அண்ணன் மகள் மென்று தின்னும் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் உருண்டைப் புழுவை நன்றாகவே விரட்டுகிறது, சாட்டைப் புழுவிடம் ஒரே வேளையில் தோற்றுப்போகிறது. ஆடுகளிலோ கிட்டத்தட்ட எல்லா மருந்து வகைக்கும் புழு பழகிவிட்டது. ஆகவே டி7 வீண் இல்லை. வீண் இல்லவே இல்லை.

ஆனால் நிணநீர்க் குழாயில் கிடக்கும் புழு பிடி விட்டால் எங்கே போகும்? யார் தள்ளுவார்கள்? மயங்கிக் கிடக்கும், எழுந்துகொள்ளும், மறுபடி குட்டி போடும். ஆறிலிருந்து எட்டு வருடம் உயிரோடு இருக்குமாம் தாய்ப் புழு. எனக்கு வேண்டியது அது சாவது.

அக்டோபர் 28
அம்மா யானைக்காலுக்கு விழுங்கிய டிஇசி மாத்திரை 1947ஆம் ஆண்டுச் சரக்கு. எல்லப்பிரகட சுப்பாராவும் கூட்டாளிகளும் அமெரிக்காவில் லெடர்லி மருந்துக் கம்பெனியில் கண்டது. அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அது குட்டிகளை வாரி எடுக்கிறது, தாயை முழுதாக முடிப்பதில்லை. ஐவர்மெக்டின் ஜப்பானில் ஒரு கோல்ஃப் மைதானத்தின் அருகே எடுத்த மண்ணிலிருந்து வந்தது. முதலில் கால்நடைக்கு, 1987இல் மனிதருக்கு. 2015இல் நோபல். அதுவும் பெரும்பாலும் குட்டிகளோடு சரி. இப்போது இந்த இரண்டோடு அல்பெண்டசோலையும் சேர்த்து மூன்றாகக் கொடுக்கிறார்கள், பலன் கூடியிருக்கிறது.

தாயைத் தொடுவது டாக்ஸிசைக்ளின். புழுவுக்குள் குடியிருக்கும் வொல்பாக்கியா என்ற பாக்டீரியாவைக் கொன்றால் புழு மலடாகி, மெதுவாகச் சாகிறது. ஆனால் நாலைந்து வாரம் தினமும் விழுங்க வேண்டும், கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் கூடாது. ஊர் முழுக்க அப்படிக் கொடுக்க முடியுமா? ஒரு வாரத்தில் முடிகிற ஒன்று வேண்டும்.

அதைத் தேடும் ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஆட்டுப் புழுவோடு இருக்கிறேன்.

அக்டோபர் 30
கசாப்புக் கடையிலிருந்து ஆட்டு இரைப்பை வந்தது. பெண் புழு சிவப்பும் வெள்ளையும் முறுக்கிக்கொண்டு, பார்க்க அழகு. ஒன்று ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். முட்டையுள்ள ஆட்டுப் புழுக்கையை ஈரமாக வைத்தாயிற்று, குட்டிகள் வர ஒரு வாரம்.

நவம்பர் 2
அம்மா ஃபோனில், "இன்னிக்கி நானே கழுவிக்கிட்டேன் பாப்பா."

நவம்பர் 6
மழை. மூன்று முறை கரண்ட் போனது. இன்குபேட்டர் ஜெனரேட்டரில் ஓடுகிறது, கை வைத்துக் கை வைத்துப் பார்க்கிறேன்.

நவம்பர் 7
குட்டிகள் வந்துவிட்டன. டி7, ஆறு அளவுகளில் போட்டேன். இந்த முறை 72 மணி நேரம் மருந்திலேயே விட்டுவைக்கிறேன், அதன்பிறகுதான் கழுவுவேன். நீண்ட நேரம் இருந்தால் சாகலாம். சாகலாம்.

நவம்பர் 9
48 மணி. மேல் மூன்று அளவிலும் அசைவில்லை.

அண்ணி மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார். லேபில் சிக்னல் இல்லை. வெளியே போகிறேன்.