பால் கொடுக்கும் அம்மாவும் வலி மாத்திரையும்: அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்

சிசேரியன் முடிந்து வீட்டுக்கு வந்த பல பெண்கள், எழுதிக் கொடுத்த வலி மாத்திரையைப் போடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார்கள். "மருந்து பால்ல இறங்கும், பிள்ளைக்கு ஆகாது" என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். இறங்குவது உண்மைதான். எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஐபுப்ரோஃபென் இரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டுவிடுவதால், உடல் எடைக் கணக்கில் அம்மா போட்டதில் 1 சதவீதம்கூடக் குழந்தைக்குப் போவதில்லை. பாராசிட்டமால் கொஞ்சம் கூடுதலாகப் போகும். அதுவும் காய்ச்சலுக்காகக் குழந்தைக்கே நேரடியாகக் கொடுக்கும் அளவைவிட மிகக் குறைவு. இந்த இரண்டுக்காகப் பாலைப் பிழிந்து கொட்ட வேண்டியதே இல்லை. வலியோடு உட்கார்ந்தால்தான் பால் சுரந்து இறங்கத் தாமதமாகும்.

பாராசிட்டமால் 500 மி.கி. மாத்திரை ஒன்றோ இரண்டோ, 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. எடை 50 கிலோவுக்குக் கீழே என்றால் மருத்துவரைக் கேட்காமல் வேளைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். போதவில்லையென்றால் கூடவே ஐபுப்ரோஃபென் 400 மி.கி., சாப்பிட்ட பிறகு, 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு குழந்தை வாய் வைத்ததும் அடிவயிறு சுருட்டிப் பிடிக்கும். சப்பும்போது சுரக்கும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் கர்ப்பப்பையைச் சுருக்குவதுதான் காரணம். அந்த வலிக்கு ஐபுப்ரோஃபென் நன்றாகக் கேட்கும்.

சிக்கல் பெரும்பாலும் கூட்டு மாத்திரைகளில்தான். டோலோவில் பாராசிட்டமால் 650. காம்பிஃப்ளாமில் ஐபுப்ரோஃபென் 400-ஓடு பாராசிட்டமால் 325. இரண்டையும் சேர்த்து நான்கு வேளை போட்டால் பாராசிட்டமால் மட்டுமே 3,900 மி.கி. ஆகிவிடும். அதோடு பாராசிட்டமால் கலந்த ஒரு சளி மாத்திரை போட்டால் எல்லை தாண்டிவிடும், கல்லீரல் தாங்காது. சளி மாத்திரையில் மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் இருந்தால் பாலும் குறையும். வயிற்று வலி என்று மருந்துக்கடையில் கேட்டால் வலி மருந்தான மெஃபனமிக் அமிலத்தோடு, வயிற்றுப் பிடிப்புக்கான டைசைக்ளோமின் கலந்ததைக் கொடுப்பார்கள். டைசைக்ளோமின் பால் கொடுக்கும்போது வேண்டாம், கைக்குழந்தையின் மூச்சைப் பாதிக்கலாம்.

கோடீன், டிராமடால் இரண்டும் தனி ரகம், அபின் வகையைச் சேர்ந்த கடுமையான வலி மருந்துகள். சிலருடைய கல்லீரல் பரம்பரை வாகினால் கோடீனை மிக வேகமாக மார்ஃபின் என்ற, தூக்கத்தையும் மூச்சு மந்தத்தையும் தரும் மருந்தாக மாற்றிவிடும். அது பாலில் ஏறும். யாருக்கு அப்படி என்று வெளியில் பார்த்துத் தெரியாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-இல் பால் கொடுப்பவர்களுக்கு இந்த இரண்டும் வேண்டாம் என்று எச்சரித்தது. நம் ஊரில் டிராமடால் 37.5-ஐப் பாராசிட்டமால் 325-ஓடு ஒரே மாத்திரையாக எழுதுவார்கள். அட்டையில் அந்தப் பெயரைப் பார்த்தால், "பால் கொடுக்கிறேன், வேறு தர முடியுமா?" என்று கேளுங்கள். ஏற்கெனவே போட்டிருந்து, குழந்தை எழுப்பியும் எழாமல் தூங்கினாலோ, சப்ப மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, மூச்சு மெதுவானாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள், காத்திருக்க வேண்டாம். ஆஸ்பிரினை வலிக்காகப் போட வேண்டாம்; குழந்தையின் கல்லீரலையும் மூளையையும் தாக்கும் அரிய நோயான ரேய் நோய்க்குறி பற்றிய பயம் இருக்கிறது.

பிரசவத்தில் ரத்த அழுத்தம் ஏறியவர்கள், சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், ஆஸ்துமா உள்ளவர்கள் ஐபுப்ரோஃபெனுக்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். டெங்கு சந்தேகம் இருந்தால் அதைத் தொடவே கூடாது, பாராசிட்டமால் மட்டும்தான். குறைமாதக் குழந்தை, மஞ்சள் காமாலை உள்ள குழந்தை என்றால் எந்த மாத்திரையையும் குழந்தை மருத்துவரிடம் சொல்லிவிட்டே போடுங்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினாலோ, தையல் சிவந்து சீழ் வைத்தாலோ மாத்திரையால் வலியை அமுக்கி வைக்காமல் காட்டிவிடுங்கள். முதுகுக்குத் தைலம் தேய்த்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள், மார்பில் தேய்க்கவே வேண்டாம்.