மூன்று எபிசோட் விதியைக் கைவிட்ட கதை

எல்லாரும் பார்க்கும் அனிமேக்களை, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர்களை, ஒரு சுற்று முடித்தாயிற்று. ஜனவரியில் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன். இங்கே என் நண்பர்கள் யாரும் பேசாத பழைய தொடர்களாகத் தேடிப் பார்ப்பது, பார்த்ததைக் குறித்து வைப்பது என்று திட்டம். விதிகள் மூன்று. கதை முடிந்த தொடராக இருக்க வேண்டும். ஒரு சீசன் 26 எபிசோடைத் தாண்டக்கூடாது. மூன்று எபிசோடுக்குள் பிடிக்கவில்லையென்றால் விட்டுவிட வேண்டும். இந்த மூன்றாவது விதிதான் முதலில் உடைந்தது.

தொடங்கியது 'பிளானடெஸ்' (2003). கதை நடப்பது 2075இல். பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள் உடைசல்களைப் பொறுக்கி எடுக்கும் குப்பைக்காரர்கள்தான் நாயகர்கள். ஒரே ஒரு திருகாணி வேகமாக வந்து மோதினால் பயணிகள் விண்கலம் என்ன ஆகும் என்பதை ஆரம்பத்திலேயே காட்டிவிடுவார்கள். அப்புறம் கதை அலுவலகக் கலாட்டாவுக்குப் போய்விடுகிறது. புதிதாக வேலைக்குச் சேரும் தனபே என்ற பெண் தன் சீனியர் ஹச்சிமாகியை முதன்முதலில் பார்க்கும்போது அவன் டயப்பரோடு நிற்கிறான். விண்வெளி உடைக்குள் மணிக்கணக்கில் வேலை செய்தால் வேறு வழி? கம்பெனியில் இந்தப் பிரிவுக்கு 'அரைப் பிரிவு' என்று கேலிப்பெயர் வேறு. ஆளும் பாதி, மதிப்பும் பாதி.

மூன்று எபிசோட் முடிந்ததும் நோட்டில் "சிரிப்பு சுமார், விடலாம்" என்று எழுதியிருக்கிறேன். கீழே வேறு பேனாவில்: "விடாதே." அன்றைக்கு நெட் சரியில்லை, டவுன்லோட் செய்து வைத்திருந்தது இது மட்டும்தான். அதனால் நாலாவதையும் பார்த்தேன். பத்தைத் தாண்டியபோது, இந்த ஆட்களின் சம்பளக் கவலையும் சில்லறைச் சண்டைகளும் எதற்காக அவ்வளவு நேரம் காட்டப்பட்டன என்று புரிந்தது. கேப்டன் ஃபீ நிம்மதியாக ஒரு சிகரெட் பிடிக்க இடம் கிடைக்காமல் அலைவதை வைத்தே ஒரு முழு எபிசோட் இருக்கிறது. சிரித்துக்கொண்டே பார்த்து, முடிவில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். விண்வெளிக்குப் போக எந்த நாடுகளுக்கு வசதி இருக்கிறது, எந்த நாடுகளுக்கு இல்லை என்ற கேள்வி பின்பாதியில் கதையையே பிடித்து ஆட்டுகிறது. முன்பாதியைத் தாவிவிட்டுப் பார்த்தால் அது ஒன்றும் உறைக்காது.

அடுத்தது 'முஷிஷி' (2005). இதில் தப்பு என்னுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து எபிசோடுகளை வரிசையாகப் போட்டேன். நாலாவதில் தூங்கிவிட்டேன். நோட்டில் "ஒரே மாதிரி இருக்கிறது" என்று ஒரு வரி. பத்து நாள் கழித்து, ராத்திரி சாப்பாடு முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு ஒன்றே ஒன்று மட்டும் என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். அது வேறு தொடராக இருந்தது!

முஷி என்பவை செடியும் இல்லை, விலங்கும் இல்லை, உயிரின் அடிமட்டத்தில் இருக்கும் ஏதோ. கின்கோ என்ற ஆள் ஊர் ஊராகப் போய், அவற்றால் அவதிப்படுகிறவர்களுக்கு உதவுகிறான். எந்நேரமும் வாயில் புகைகிறது. ஸ்டைலுக்கு இல்லை, முஷிகளை விரட்ட. அவன் இருக்கும் இடத்தைத் தேடி அவை வரும் என்பதால் எங்கேயும் தங்க முடியாது. வில்லன் கிடையாது, தொடரும் பெரிய கதையும் கிடையாது. முதல் எபிசோடில் ஒரு பையன் இடது கையால் எதை வரைந்தாலும் அது உயிர் பெற்று எழுந்துவிடும். கூடவே, பாதியாக உடைந்த ஒரு பச்சை நிற மதுக்கிண்ணம். அந்தக் கிண்ணத்தின் மறுபாதிக்கு என்ன ஆனது என்பதுதான் கதை. ஒவ்வொரு எபிசோடுக்கும் முடிவில் வரும் இசை வேறு வேறு. அடுத்ததைப் போட அவசரப்படுகிறவர்கள் அதைத்தான் முதலில் வெட்டுவார்கள். நானும் அந்த ஞாயிற்றுக்கிழமை வெட்டினேன்.

மூன்று எபிசோட் விதியை அடித்துவிட்டு "ஒரு நாளைக்கு ஒன்று" என்று எழுதியது அன்றைக்குத்தான்.

'டென்னோ காயில்' (2007) பற்றிச் சுருக்கமாக. கதை நடக்கும் வருடம் 2026. பிள்ளைகள் கண்ணாடி போட்டால் தெருவிலேயே மெய்நிகர் நாய்க்குட்டி ஓடும், கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காதில் வைத்தால் அதுதான் போன். எழுதி இயக்கியவர் மிட்சுவோ இசோ. நடுவில், ஒரு பையனின் முகத்தில் முளைக்கும் தாடிக்குள் ஒரு நாகரிகமே தோன்றிச் சண்டை போட்டுக்கொள்ளும் எபிசோட் வருகிறது. அதை மட்டும் ஒரே நாளில் இரண்டு முறை பார்த்தேன், விதியை மீறி.

'கைபா' (2008) பாதியில் நிற்கிறது. பொம்மைப் படம் மாதிரி உருண்டை முகங்கள். உள்ளே உடம்புகளையும் நினைவுகளையும் விற்று வாங்கும் உலகம். மூன்றாவது எபிசோடில் பூட்ஸ் மேல் ஆசைப்படும் ஒரு சிறுமி வருகிறாள். அதற்கு மேல் அந்த வாரம் முடியவில்லை. நல்லதில்லை என்று சொல்லவில்லை, எனக்குத் தெம்பு இல்லை.

இப்போது ஓடுவது 'ஷோவா கென்ரோக்கு ராகுகோ ஷின்ஜூ' (2016). இதை நண்பனிடம் சொன்னபோது, "மச்சான், ஒரு தாத்தா உட்கார்ந்து கதை சொல்றதை அனிமேல வேற பார்க்கணுமா?" என்றான். ராகுகோ என்ற ஜப்பானியக் கதைசொல்லும் கலை அதேதான். மேடையில் ஒரு மெத்தை, அதன்மேல் மண்டியிட்டு அமர்ந்த ஒருவர், கையில் விசிறியும் ஒரு கைத்துண்டும். எல்லாப் பாத்திரமும் அவரே. தலையை இந்தப் பக்கம் திருப்பினால் ஒரு ஆள், அந்தப் பக்கம் திருப்பினால் இன்னொரு ஆள்.

ஜெயிலிலிருந்து வெளியே வந்த ஒருவன், உள்ளே கேட்ட ஒரு கதையின் மயக்கத்தில், அதைச் சொன்ன யாகுமோ என்ற பெரிய கலைஞரிடம் சீடனாகச் சேர்கிறான். முதல் எபிசோட் வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு நீளம். பழைய ரவுடி அண்ணன் அவனைத் திரும்பக் கூட்டிப்போக வருகிறான். அவன் எதிரிலேயே, திருடத் தெரியாத ஒரு திருடனின் கதையை இவன் மேடையில் சொல்கிறான். கதையை வெட்டாமல் காட்டுகிறார்கள். வியர்வை சொட்டுகிறது, குரல் வேகம் பிடிக்கிறது, விறைப்பாக உட்கார்ந்திருந்த ரவுடி சிரிக்க ஆரம்பிக்கிறான்.

அந்த இடத்தில் அம்மா அறைக்குள் வந்தார். "என்னடா, கதாகாலட்சேபமா?" என்று நின்றார். பாட்டும் பக்கவாத்தியமும் இல்லாத ஒன்று என்று சொன்னேன். "அப்ப என்ன சொல்றான்னு சொல்லு" என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ஆங்கில சப்டைட்டிலை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வர, திருடன் மாட்டிக்கொள்ளும் இடத்தில் எனக்கு முன்னால் அம்மா சிரித்துவிட்டார். நான் இன்னும் அந்த வரியைப் படிக்கவே இல்லை.

இரண்டாவது எபிசோடிலிருந்து கதை யாகுமோவின் இளமைக்குப் போய்விடுகிறது. சீடனுக்காக உட்கார்ந்தவர்கள் இந்த சீசனின் கடைசி எபிசோட் வரைக்கும், அவன் கதை முழுசாக வர 2017இல் வந்த அடுத்த சீசன் வரைக்கும் காத்திருக்க வேண்டும். அம்மாவுக்கு இதில் கோபம். "அந்தப் பையன் எங்கடா போனான்?" என்று தினமும் கேட்கிறார். நோட்டில் நேற்றைய பதிவு: எபிசோட் ஒன்பது, அம்மா பத்து நிமிடம் தாமதம், முதலிலிருந்து போட வைத்தார்.