உடைந்த ரேடியோ மூடி: சேலத்தில் நழுவியது, ஏற்காட்டில் பிடித்தது

அப்பாவின் பழைய டிரான்சிஸ்டரில் பேட்டரி மூடி இரண்டாக உடைந்திருந்தது. ஸ்டேஷன் மாற்றும் திருகில் ஒரு மூலை பெயர்ந்திருந்தது. ஒரு சின்ன ஃபெவிக்விக் போதும் என்று உட்கார்ந்தேன்.

சனி மதியம், சேலம். சித்திரை வெயில், காற்றில் துளி ஈரமில்லை. நிறையப் போட்டால் நன்றாகப் பிடிக்கும் என்ற கணக்கில் விளிம்பு முழுக்க வழிய வழிய விட்டேன். ஐந்து நிமிஷம் அழுத்திப் பிடித்தும் வழுக்கிக்கொண்டே இருந்தது. சீக்கிரம் காயட்டும் என்று ஃபேனைக் கூட்டி வைத்தேன். அதுதான் முட்டாள்தனம். இந்தப் பசை காய்ந்து இறுகுவதே இல்லை. இதிலுள்ள சயனோஅக்ரிலேட், ஈரம் பட்டால்தான் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு கெட்டியாகும். எந்தப் பொருளின் மேலும் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் கொஞ்சம் இருக்கும். மெல்லிய பூச்சுக்கு அதுவே தாராளம். தடிமனாக ஊற்றினால் நடுவில் இருப்பதற்கு ஈரம் போய்ச் சேராது.

1942இல் அமெரிக்காவில் ஹாரி கூவர் துப்பாக்கிக் குறிபார்ப்பானுக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தேடியபோது இது கிடைத்ததாம். தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொண்டதால் வேண்டாமென்று ஒதுக்கிவிட்டார்கள். 1958இல்தான் பசையாகக் கடைக்கு வந்தது.

வழிந்ததைப் பழைய பனியனால் துடைத்தேன். சுரீரென்று சூடு, லேசாகப் புகை! பருத்தி நூலில் இது ஒரேயடியாக இறுகும்போது கையைச் சுடும் அளவுக்கு வெப்பம் வரும். பஞ்சு, பருத்தித் துணி பக்கமே போகாதீர்கள்.

ஞாயிறு, ஏற்காடு. சித்தப்பா வீட்டு ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம். பழைய பசையை பிளேடால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்தேன். அசிட்டோன் பசையைக் கரைக்கும்தான், ஆனால் ரேடியோ பிளாஸ்டிக்கையும் சேர்த்துத் தின்றுவிடும். இந்தத் தடவை கடுகளவு சொட்டு மூன்று, ஒரு பக்கம் மட்டும். இருபது எண்ணுவதற்குள் பிடித்துக்கொண்டது. கூடவே என் கட்டைவிரலும். "இழுக்காதடா, தோலோட வந்துரும்" என்று சித்தி வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் கொண்டுவந்தார். ஊறவைத்து, மெல்ல உருட்டி எடுத்தேன்.

காலையில் பார்த்தால் ஒட்டின இடத்தைச் சுற்றி விபூதி பூசினாற்போல வெள்ளைப் படலம். பசையின் ஆவி காற்றின் ஈரத்தோடு சேர்ந்து படிந்தது. ஈரம் மிஞ்சினாலும் தொல்லைதான்.

திருகுக்குச் சமையல் சோடா. பெயர்ந்த குழியில் சோடாவை நிரப்பி ஒரு சொட்டு விட்டேன். அந்த நொடியே கல். அரம் போட்டுத் தேய்த்து உருக்கொண்டுவந்தது உண்மையிலேயே சந்தோஷமான வேலை.

மூடி மட்டும் செவ்வாய்க்கிழமை மறுபடி விட்டது. நேராக இழுத்தால் தாங்குகிற ஒட்டு, நகத்தால் நெம்பியதும் பொட்டென்று பிரிந்துவிட்டது. பின்னால் பட்டை கொடுக்கலாமென்று உடைந்த பக்கெட் துண்டை ஒட்டிப் பார்த்தேன். அந்த வகை பிளாஸ்டிக்கில் இது ஒட்டவே ஒட்டாது. பழைய ஸ்கேலில் ஒரு துண்டு வெட்டி ஒட்டியதும் நின்றது.

மிச்சப் பசை டப்பாவில், செருப்புப் பெட்டியில் வந்த சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஃபிரிட்ஜில் இருக்கிறது. மேலே மனைவி எழுதி ஒட்டியிருக்கிறாள்: "கண் மருந்து இல்லை."