சின்னம்மாவுக்கு ஏன் திரும்பி வந்தது?

"அப்பவே முழுசா எடுத்திருக்கணும். பாதிய எடுத்துப் பாதிய விட்டா திரும்பத்தானே செய்யும்?"

எங்கள் சின்னம்மாவுக்கு மார்புப் புற்றுநோய் திரும்பியிருக்கிறது என்று தெரிந்ததிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இதே பேச்சுதான். பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போதும் சொல்கிறார்கள், கொழுந்து நிறுக்கிற இடத்திலும் சொல்கிறார்கள். எல்லாரும் அவர்மேல் பாசம் உள்ளவர்கள்தான். ஆனால் கேட்டுக் கேட்டு சின்னம்மாவே, "நான்தான் தப்பா முடிவெடுத்துட்டேனா புள்ள?" என்று என்னிடம் கேட்டுவிட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை, தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறவள். அவரோடு கிளினிக்குக்குப் போய், புரியும்வரை கேட்டுத் தெரிந்துகொண்டதையும், பிறகு தேடி வாசித்ததையும் சொல்கிறேன்.

முதல் தடவை கட்டி இடது மார்பில், அக்குளுக்குக் கிட்ட இருந்தது. வலி எதுவும் இல்லை. கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல தசையையும் சேர்த்து வெட்டி எடுத்தார்கள், அக்குளிலிருந்து சில நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். மார்பு அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு கண்டிக்குப் போய் கரண்ட் பிடித்தார், அதாவது கதிர் வைத்தியம் செய்துகொண்டார். அப்புறம் தினம் ஒரு டெமொக்சிபென் என்ற ஹோர்மோன் மருந்துக் குளிசை. ஒன்றையும் அவர் தவறவிட்டதில்லை. அப்படியிருந்தும், வருடாவருடம் எடுக்கும் மமோகிராமில் (மார்பு எக்ஸ்ரே) பழைய தழும்புக்குப் பக்கத்தில் ஒரு புதுப் புள்ளி தெரிந்தது. கைக்குத் தட்டுப்படாத அளவு சின்னது. அதில் கொஞ்சம் தசையை எடுத்துப் பரிசோதிக்கும் பயப்சி செய்தார்கள், அதேதான்.

எல்லாம் ஒழுங்காகச் செய்தவருக்கு எப்படி?

வெட்டி எடுத்த துண்டு ஆய்வுகூடத்துக்குப் போனதும் அதன் வெளிப்பக்கம் முழுவதும் மை பூசுவார்கள். பிறகு மெல்லிய சீவல்களாக வெட்டி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். பால் குழாயைத் தாண்டிப் பரவத் தொடங்கிய புற்றுநோயில் எந்தக் கலமும் அந்த மையைத் தொடவில்லை என்றால் ஓரம் சுத்தம். தொட்டிருந்தால் பெரும்பாலும் திரும்ப ஒபரேஷன் செய்து இன்னும் கொஞ்சம் எடுக்க வேண்டிவரும். பால் குழாய்க்குள்ளேயே அடங்கிக் கிடக்கும் ஆரம்ப வகைக்கு மையிலிருந்து 2 மில்லிமீற்றராவது இடைவெளி பார்க்கிறார்கள். சின்னம்மாவின் ரிப்போட்டில் ஓரம் சுத்தம் என்றுதான் இருந்தது. நாங்களும் நிம்மதியாக வீட்டுக்கு வந்தோம்.

ஆனால் சுத்தம் என்று சொன்னது எடுத்த துண்டின் ஓரத்தை. உள்ளே மிச்சமிருக்கும் மார்பில் என்ன இருக்கிறது என்று அந்த ரிப்போட் சொல்லாது. மார்புப் புற்றுநோய் சில பேருக்கு ஒரே உருண்டையாக இருப்பதில்லை. பெரிய கட்டியிலிருந்து சில சென்ரிமீற்றர் தள்ளி, பால் குழாய்களின் வழியில், கண்ணுக்கும் கைக்கும் ஸ்கேனுக்கும் அகப்படாத சின்னச் சின்னத் திட்டுகள் இருக்கலாம். டொக்டரின் கை சரியில்லை என்றோ, அவசரப்பட்டு வெட்டினார் என்றோ இதற்கு அர்த்தமில்லை.

அந்தத் திட்டுகளுக்காகத்தான் கரண்ட் வைக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் பலர் கரண்டை ஏதோ மேலதிக வைத்தியம்போல நினைக்கிறார்கள். மார்பைக் காப்பாற்றும் ஒபரேஷனில் சரிபாதி வேலை கரண்டுடையது. அமெரிக்காவில் பேர்னாட் ஃபிஷர் என்ற டொக்டர் 1976இல் தொடங்கிய ஆய்வின் 20 வருட முடிவு 2002இல் வந்தது. கட்டியை மட்டும் எடுத்துவிட்டு கரண்ட் பிடிக்காத பெண்களில் 100க்கு 39 பேருக்கு அதே மார்பில் திரும்பியது. கரண்டும் பிடித்தவர்களில் 100க்கு 14 பேருக்குத்தான். ஒபரேஷன், கரண்ட், மருந்து எல்லாம் அதற்குப் பிறகு எவ்வளவோ மேம்பட்டுவிட்டதால் இன்றைய கணக்கு அதைவிடக் குறைவு. ஆனாலும் அது பூச்சியமாகவில்லை. சில கலங்கள் கதிரையும் தாங்கி நிற்கின்றன.

அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருக்கிறது. லயத்தில் பேசுகிறவர்கள் கேட்க வேண்டியது இதைத்தான். மார்பை முழுவதும் எடுத்த பெண்களும், கட்டியை மட்டும் எடுத்துக் கரண்ட் பிடித்த பெண்களும் 20 வருடம் கழித்துப் பார்த்தால் ஒரே அளவில்தான் உயிரோடு இருந்தார்கள். இத்தாலியில் உம்பேர்ட்டோ வெரோனேசி செய்த ஆய்வும் அதே வருடம் இதையேதான் சொன்னது. முழுவதும் எடுத்துவிட்டால் திரும்பவே திரும்பாது என்பதும் உண்மையில்லை. நெஞ்சுத் தோலில், தழும்பில், அக்குளில் வரலாம். கட்டியை எடுக்கும் முன்பே இரத்தத்தில் போய்விட்ட கலங்கள் எலும்பிலோ நுரையீரலிலோ ஈரலிலோ பிறகு தலைதூக்கலாம். அதை எந்த ஒபரேஷனாலும் தடுக்க முடியாது. அதற்குத்தான் கீமோவும் குளிசையும்.

யாருக்குத் திரும்பும் என்பதில் புற்றுநோயின் குணத்துக்கும் பெரிய பங்கு உண்டு. 40 வயதுக்கு முன் வந்தால், ஹோர்மோன் மருந்துக்கும், ஹெர்-2 என்ற புரதத்தைக் குறிவைக்கும் மருந்துக்கும் கட்டுப்படாத வகையாக இருந்தால், கட்டியைச் சுற்றியுள்ள சின்ன இரத்தக் குழாய்களுக்குள் கலங்கள் நுழைந்திருந்தால் ஆபத்து கூடும். ஹோர்மோன் மருந்துக்குக் கட்டுப்படும் வகை வேறு மாதிரி. அது பத்து, பதினைந்து வருடம் சத்தமில்லாமல் கிடந்துவிட்டுக்கூட வரும். "நல்லாத்தானே இருக்கேன்" என்று குளிசையை இரண்டாம் வருடமே நிறுத்துகிறவர்களை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. குறைந்தது 5 வருடம் போட வேண்டிய குளிசை அது, சில பேருக்கு 10 வருடம்.

திரும்பி வந்தது என்று நாம் சொல்வது சில நேரம் புத்தம்புதிய புற்றுநோயாகவும் இருக்கும். மார்பு இருக்கிறதென்றால் அதில் புதிதாக ஒன்று முளைக்கவும் இடமிருக்கிறது. அதனால்தான் இரண்டாம் தடவையும் பயப்சி எடுத்து, ஹோர்மோன் பரிசோதனையையும் புதிதாகச் செய்தார்கள்.

கூடை சுமந்ததால் வந்தது, கருவாடு தின்றதால் வந்தது, கத்தி பட்டதால் பரவியது என்றெல்லாம் சொல்கிறார்கள். மூன்றுமே காரணமில்லை. அக்குள் கணு எடுத்த பக்கம் கை வீங்கலாம், அதனால் பாரத்தில் கவனம் வேண்டும். அது வேறு விசயம்.

எனக்குக் கோபம் வருவது இன்னொரு இடத்தில். கரண்ட் என்றால் வாரத்தில் ஐந்து நாள், மூன்று வாரம், சிலருக்கு ஐந்து வாரம். தலவாக்கலைப் பக்கமிருந்து ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று பஸ்ஸில் இறங்கிக் கண்டிக்குப் போய், அன்றே திரும்பி வந்து, மறுநாள் திரும்பவும் போக முடியுமா? அங்கே தங்குவதற்குச் சொந்தக்காரர் வீடு வேண்டும். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்குப் போகாத நாளுக்குப் பேர் இல்லை, அதாவது அன்றைய சம்பளம் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான், ஆனால் பஸ் காசும் போன பேரும் இலவசமில்லை. பக்கத்து டிவிஷனில் ஒரு அக்கா, "கட்டியத்தான் எடுத்தாச்சே" என்று பாதியில் நின்றுவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை, கடைக் கடன் ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் இடையில் நின்றால் கணக்குப் போட்ட அளவு கதிர் போய்ச் சேராது. ஆகவே வீட்டு ஆம்பளைகளுக்குச் சொல்கிறேன்: அந்தச் சில வாரம் அடுப்பையும் பிள்ளைகளையும் நீங்கள் பாருங்கள். தொழிற்சங்கத் தலைவர்மாருக்கும் சொல்கிறேன்: கரண்ட் பிடிக்கப் போகிறவரின் பேரைப் பற்றித் தோட்டத் துரையிடம் போய்ப் பேசுங்கள்.

ஒபரேஷன் முடிந்தவர்கள் மாதம் ஒரு தடவையாவது குளிக்கும்போது தழும்பைத் தடவிப் பாருங்கள். அது தடித்தால், பக்கத்தில் கட்டி வந்தால், தோல் சிவந்தாலோ குழிந்தாலோ, காம்பு உள்ளே இழுத்தால், அக்குளிலோ காறை எலும்புக்கு மேலேயோ ஏதாவது தட்டுப்பட்டால் அடுத்த கிளினிக் திகதிவரை பொறுக்க வேண்டாம். ஒபரேஷனும் கரண்டும் பட்ட இடத்தில் கொழுப்பு இறுகியும் கட்டி மாதிரி வரும், எல்லாமே புற்றுநோய் இல்லை. எது என்று ஸ்கேனும் பயப்சியும்தான் சொல்லும். போகும்போது கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்ட், பழைய மமோகிராம் படங்கள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான் சின்னம்மாவின் புள்ளி புதியது என்று தெரிந்தது.

அந்த மார்பில் ஏற்கெனவே கரண்ட் பிடித்திருந்ததால் இந்தத் தடவை முழுவதும் எடுக்க வேண்டியதாயிற்று. வேறெங்கும் பரவவில்லை என்று ஸ்கேனில் வந்தது. சின்னம்மா கேட்டதற்கு என் பதில் இதுதான்: முதல் தடவை நீங்கள் எடுத்த முடிவு சரியான முடிவு, சின்னம்மா. அந்த வருடங்களை முழு உடம்போடு, மலைக்குப் போய் வந்து வாழ்ந்தீர்கள். குளிசையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். வலது பக்கத்து மமோகிராமுக்கு மாசியில் திகதி, நானும் கூட வருகிறேன்.