தெருமுனைக் கடை மூடினா ஊருக்கு என்ன நஷ்டம்?

சின்ன கடையா சூப்பர்மார்க்கெட்டான்னு பேச்சு வந்தாலே நேரா விலையிலதான் போய் நிக்குது, அங்க மலிவு இங்க கூட, அத்தோட பேச்சு முடிஞ்சுடுது. விலை முக்கியமில்லன்னு நான் சொல்லவே மாட்டேன். மாசக் கடைசியில கையில இருக்கிறத எண்ணி எண்ணி செலவு பண்றவங்களுக்கு அதுதான் எல்லாமே. ஆனா அந்த மலிவு எங்கருந்து வருது, அதுக்கு பதிலா ஊர்ல எது காணாம போகுதுன்னும் சேர்த்துப் பேசணும்ல.

1916ல அமெரிக்காவுல மெம்ஃபிஸ்ல பிக்லி விக்லின்னு ஒரு கடை திறந்தாங்க. அதுவரைக்கும் அங்க கடைன்னா கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் நிப்பாரு, வந்தவங்க என்ன வேணும்னு சொல்லுவாங்க, அவரு எடுத்து நிறுத்துக் கட்டிக் கொடுப்பாரு. இந்தக் கடையில கூடையைத் தூக்கிட்டுப் போய் நீங்களே எடுத்துக்கோங்கன்னு விட்டுட்டாங்க. ஆள் கூலி மிச்சமாச்சு, விலை கொறஞ்சுது, கூடவே பேச்சும் கொறஞ்சுது.

அந்தப் பேச்சை சும்மா ஊர்க்கதைன்னு தள்ளிட முடியாதுங்க. தினமும் காலையில வர்ற பெரியவர் ரெண்டு நாளா வரலைன்னா முதல்ல கவனிக்கிறது கடைக்காரர்தான், உடனே பையனை அனுப்பி கதவைத் தட்டிப் பாக்கச் சொல்லுவாரு. கையில காசு இல்லாத வாரம் நோட்டுல பேரை எழுதிக்கிட்டு பொருளைக் கொடுப்பாரு, வட்டி கிடையாது, கையெழுத்து கிடையாது, பேங்க்ல போய் நின்னா நூறு பேப்பர் கேட்டுத் திருப்பி அனுப்புற ஆளுக்குக்கூட அந்த நோட்டுல ஒரு பக்கம் உண்டு. இந்த வேலைக்கெல்லாம் எந்த பில்லுலயும் விலை போடுறதில்ல, அதனாலதான் ஒப்பிட்டுப் பாக்குறப்ப கணக்குல வராமலே போயிடுது.

நெதர்லாந்துல ஜம்போன்னு ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட் செயின் இருக்கு. 2019ல அவங்க அவசரமில்லாம பேசிக்கிட்டே பில் போட்டுக்கலாம்னு தனியா ஒரு கவுண்டர் வச்சாங்க, முக்கியமா தனியா இருக்கிற வயசானவங்களுக்காக. ரொம்ப நல்ல காரியம், மனசாரப் பாராட்டுறேன். பேச்சுக்கு எவ்வளவு தேவை இருக்குன்னு பெரிய கடைக்காரங்களுக்கே புரிஞ்சிருக்கு பாருங்க.

அடுத்தது காசு. சிகாகோவுல ஆண்டர்சன்வில் ஏரியாவை வச்சு 2004ல ஒரு ஆய்வு பண்ணாங்க. உள்ளூர் கடையில 100 டாலர் செலவு பண்ணா அதுல 68 டாலர் உள்ளூர்லயே தங்குது, செயின் கடைன்னா 43தான். சின்ன கடைக்கு கணக்கு பாக்குறவரு, போர்டு எழுதுறவரு, ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்றவரு எல்லாம் பக்கத்து ஆளுங்க, லாபமும் ஓனர் வழியா அங்கயேதான் செலவாகுது. செயினுக்கு இந்த வேலையெல்லாம் ஹெட் ஆபீஸ்லயே முடிஞ்சுடும்.

சின்ன கடைன்னாலே எல்லாம் நல்லதுன்னு சொல்ல வரல. எடையில கை வைக்கிறவங்க இருக்காங்க, ஆளைப் பாத்து விலை சொல்றவங்க இருக்காங்க, வேலைக்கு நிக்கிற பையனுக்கு லீவே கொடுக்காதவங்களும் இருக்காங்க. பெரிய கடையில விலை எல்லாருக்கும் ஒண்ணு, யாரும் ஏற இறங்கப் பாக்க மாட்டாங்க, அது பெரிய விஷயம். ஆனா போட்டி சமமா நடக்குதாங்கறதுதான் என் கேள்வி. மொத்தமா வாங்குறவன் சப்ளையரை நெருக்கி விலையைக் கொறைக்க வைக்கிறான், அதே பொருளை சின்ன கடைக்காரர் அந்த விலைக்கு வாங்கவே முடியாது. இதைத் தடுக்கத்தான் அமெரிக்காவுல 1936லயே ராபின்சன்-பாட்மன் சட்டம் கொண்டு வந்தாங்க, 1980களுக்கு அப்புறம் அதைப் பெருசா யாரும் அமல்படுத்தல.

இதுல எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்தது அமெரிக்காவுல நார்த் கரோலினா மாநிலத்துல இருக்கிற ஓரியண்டல்ங்கற குட்டி ஊரோட கதை. ஆயிரம் பேர்கூட இல்லாத ஊரு. 2014ல வால்மார்ட் அங்க ஒரு சின்ன சைஸ் கடை திறந்துச்சு. பல வருஷமா நடந்துட்டிருந்த உள்ளூர் மளிகைக் கடை தாக்குப்பிடிக்க முடியாம 2015ல மூடிட்டாங்க. 2016 ஜனவரியில வால்மார்ட் உலகம் பூரா 269 கடையை மூடுறோம்னு அறிவிச்சப்ப அந்த லிஸ்ட்ல ஓரியண்டல் கடையும் இருந்துச்சு. பழைய கடையும் போச்சு, புதுக் கடையும் போச்சு. கார் வச்சிருக்கிறவங்க எப்படியோ பக்கத்து ஊருக்குப் போயிடுவாங்க, வண்டி ஓட்ட முடியாத வயசானவங்க என்ன பண்ணுவாங்க சொல்லுங்க.

இதோட இன்னொண்ணும் நடக்குது. அமெரிக்காவுல சில பெரிய செயின்கள் கடையை மூடிட்டு இடத்தை விக்கிறப்ப, இங்க வேற மளிகைக் கடை வரக்கூடாதுன்னு பத்திரத்துலயே கண்டிஷன் போட்டுடுறாங்க. கட்டிடம் இருக்கும், வாங்க ஜனம் இருக்கும், கடை நடத்த ஆளும் ரெடியா இருப்பாங்க, ஆனா திறக்க முடியாது. மத்ததெல்லாம் பேசித் தீர்க்க நாளாகும்னா ஆகட்டும், இந்த ஒரு கண்டிஷன் செல்லாதுன்னு சட்டம் போடறதுக்கு எதுக்குங்க காத்திருக்கணும்?