தண்ணீர் தெளித்த இடம்

வேலூர் நகரக் காவல் நிலையம் ஒன்றில் பதினொரு வருடம் ரைட்டராக இருந்தேன். மனு வாங்குவது, மனு வாங்கியதற்கு அத்தாட்சியாக சி.எஸ்.ஆர். ரசீது போடுவது, இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசி எழுதி வாங்குவது எல்லாம் ரைட்டர் தலையில்தான் விழும். திருட்டு, அடிதடி, குடும்பத் தகராறு எல்லாமும் வரும். ஆனால் காலையில் நிலையத்தைப் பெருக்கி முடிப்பதற்குள் வந்து நிற்கிறவர் பெரும்பாலும் தெருவில் வண்டி நிறுத்திய தகராறில் வந்தவராக இருப்பார். மனுவின் முதல் வரியை நான் படிக்காமலே சொல்லிவிடுவேன்: “என் வீட்டு வாசலில்...”

தோட்டப்பாளையம், கொசப்பேட்டை, வேலப்பாடி பக்கத்துத் தெருக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மாட்டு வண்டி போய்வந்த காலத்து அகலம்தான் இன்றைக்கும். வீடு மட்டும் மூன்று மாடி ஆகிவிட்டது. திண்ணையை இடித்து ரூம் எடுத்தார்கள். அப்புறம் பைக்கை உள்ளே ஏற்ற சிமெண்டுச் சரிவு போட்டார்கள். அது தெருவில் மூன்றடி வந்து நிற்கும். எதிர்வீட்டுச் சரிவு இன்னொரு மூன்றடி. மிச்சமிருக்கிற இடத்தில்தான் ஆட்டோவும் தண்ணீர் வண்டியும் பள்ளிக்கூட வேனும் போக வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு வேப்பமர நிழலுக்காக நடந்த சண்டைகளை மட்டுமே தனியாக ஒரு கட்டு மனுவாகக் கட்டி வைத்திருக்கலாம்.

இதற்கு மேல் ஆஸ்பத்திரிக்கு வருகிற கூட்டம். 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் தமிழை விட வங்காளியும் இந்தியும் அதிகம் காதில் விழுகிற நேரங்கள் உண்டு. அவர்கள் காட்பாடியில் ரயில் இறங்கி ஆட்டோவில் வந்துவிடுவதால் வண்டி நிறுத்துகிற பிரச்சினை அவர்களுக்கு இல்லை. சித்தூர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள்தான் சொந்தக் காரில் வருவார்கள். விடியற்காலையில் வந்து, இடம் தேடிச் சந்து சந்தாக நுழைந்து, கிடைத்த இடத்தில் நிறுத்திவிட்டு ஓடுவார்கள். நோயாளியை வைத்துக்கொண்டு யாரும் நிதானமாக இடம் பார்க்க மாட்டார்கள். அதில் தப்பும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 122-ஆம் பிரிவின்படி மற்றவருக்கு ஆபத்தாகவோ இடைஞ்சலாகவோ வண்டியை விட்டுப் போகக் கூடாது. கேட்டை மறித்து நிறுத்தினால் நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் கேட்டின் அகலத்துக்கு மேல், வீட்டுக்கு முன்னால் இருக்கிற தெருவில் வீட்டுக்காரருக்குத் தனி உரிமை கிடையாது. அவரே எழுதி மாட்டிய ‘நோ பார்க்கிங்’ பலகை செல்லாது; அதை வைக்கிற அதிகாரம் அரசுக்கும் அரசு அதிகாரம் கொடுத்தவர்களுக்கும்தான். இடம் பிடிக்க அவர் போட்டு வைத்திருக்கிற ஆட்டுக்கல், உடைந்த நாற்காலி, பெயிண்ட் டப்பாவில் சிமெண்ட் ஊற்றி நட்ட கம்பி எல்லாம் பார்த்தால் அவர் மேல்தான் வழக்குப் போட வேண்டும். மனு கொடுக்க வந்தவரிடம் இதையெல்லாம் கடகடவென்று சொல்லி, வாயடைத்து அனுப்புவதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

2011 மே மாதம் என்று நினைவு. ஒரு அம்மாவையும் அவர் மகனையும் ஒரு புறம், சித்தூர்ப் பையன் ஒருவனையும் அவன் அப்பாவையும் மறுபுறம் அழைத்து வந்தார்கள். விடியற்காலை அஞ்சரை மணிக்கு அந்த அம்மா வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு மாவுக் கிண்ணத்தை வைக்க உள்ளே போயிருக்கிறார். திரும்பி வந்தால் கோலத்தின் மேல் ஏ.பி. 03 நம்பர் கார். ஆள் இல்லை. மகனுக்குக் கோபம். இரண்டு டயரில் காற்றை இறக்கிவிட்டு, பின்னால் ஆட்டுக்கல்லை உருட்டி வைத்துவிட்டார். மூன்று மணிக்கு அந்தப் பையன் கீமோ முடிந்த அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து பார்த்தால் வண்டி நகராது. வெயிலில் பெரியவரைத் தெருவோரம் உட்கார வைத்துவிட்டுச் சண்டை. கை நீளுவதற்குள் யாரோ போன் செய்திருக்கிறார்கள்.

காற்றை இறக்கியது குற்றம் என்று மகனை முதலில் அதட்டினேன். அப்புறம் அந்த அம்மாவைப் பார்த்து, “ஏம்மா, ரோடு என்ன உங்க பாட்டன் சொத்தா?” என்று கேட்டேன். அதற்கு முன் எத்தனையோ பேரிடம் கேட்ட கேள்விதான்.

அவர் கோபப்படவில்லை. “இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்க? சொத்துன்னு நான் சொல்லலையே. கல்யாணம் ஆயி வந்த நாள்ல இருந்து அந்த எடத்த நான்தான் பெருக்கறேன். நான்தான் தண்ணி தெளிக்கறேன். வேற யாரு வந்து பெருக்கனாங்க?” என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. சட்டப் புத்தகத்தில் நுழைவாயில் இருக்கிறது, சாலை இருக்கிறது, சாலையோரம் இருக்கிறது. நம் வீட்டுப் பெண்கள் வாசல் என்று சொல்கிற இடம் அதில் இல்லை. அது நிலைப்படிக்கு வெளியே, தெருவுக்குள்ளே இருக்கிற இடம். பட்டா கிடையாது. தினம் குனிந்து பெருக்கி உண்டாக்கிய உரிமை அது. அதை அத்தனை வருடம் ஆக்கிரமிப்பு என்ற ஒரே சொல்லில் நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

பையன், “இருட்டுல கோலம் தெரியலம்மா” என்றான். அவனுக்குத் தமிழ் நன்றாகவே வந்தது. அந்த அம்மா அவனை விட்டுவிட்டு என்னிடம், “பெரியவருக்கு இன்னா உடம்பு?” என்று கேட்டார். அவர்கள் வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. பெரியவர் பெஞ்சில் சுவரில் சாய்ந்தபடி இருந்தார். எங்களில் ஒருவரும் அதைக் கேட்டிருக்கவில்லை. விஷயம் தெரிந்ததும் மகனைப் பார்த்து, “போடா, போய் பஞ்சர் கடைக்காரனைக் கூட்டினு வா” என்றார். அவ்வளவுதான், முடிந்தது.

அதற்குப் பிறகு இப்படி மனு வந்தால், “வாசல் எத்தனை மணிக்குத் தெளிப்பீங்க?” என்று முதலில் கேட்க ஆரம்பித்தேன். ஒரு தெருவில் ஆட்டோக்காரர்களிடம் பேசி, ஏழு மணி வரைக்கும் எந்த வாசலிலும் வண்டி நிறுத்துவதில்லை என்று ஏற்பாடு செய்தோம். அது ரொம்ப நாள் நின்றது. அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஆளுக்கொரு கார் வாங்கிவிட்டு ஒரே வாசலுக்கு அடித்துக்கொண்ட இடத்தில் இது எதுவும் எடுபடவில்லை. அது வழக்காகி கோர்ட்டுக்குப் போனது.

ஆட்டுக்கல்லை மட்டும் நான் இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு முறை 108 ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியாமல் தெருமுனையில் நின்றது. வழியில் ஒரு காரும் இல்லை, இரண்டு வீட்டுக் கற்கள்தான் இருந்தன. ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தோம். ஆம்புலன்சுக்கு வழி விடாத வண்டிக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் என்று 2019-இல் சட்டம் வந்தது. தெருவில் கல் போட்டவரை அந்தப் பிரிவு தொடாது.

இன்னொரு கூட்டம் உண்டு. நிலையத்துக்கு வரவே வராது. மாடியில் வாடகைக்கு இருக்கிறவர்கள். பைக் வைக்க அவர்களுக்கு வாசலும் இல்லை, நிழலும் இல்லை. சீட் கிழிக்கப்பட்டிருக்கும், கண்ணாடி உடைந்திருக்கும். மனு கொடுத்தால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார் என்று பேசாமல் இருந்துவிடுவார்கள். அவர்கள் பைக்கை ரோந்து போகும்போது பார்த்திருக்கிறேன். மனுவே இல்லாமல் என்ன செய்வது என்று கடந்து போனது இப்போது உறுத்துகிறது.

சித்ரா பௌர்ணமி இரவு புஷ்பப் பல்லக்கு வருகிற தெருக்களில் நின்று பார்த்திருக்கிறேன். சாயங்காலமே கல்லும் காரும் பைக்கும் காணாமல் போயிருக்கும். தெரு தன் முழு அகலத்தையும் காட்டும். மறுநாள் மத்தியானத்துக்குள் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

அந்த சித்தூர்க் கார் விவகாரத்தை அன்று மாலை எழுதி முடித்தேன். “இரு தரப்பினரும் சமாதானமாகச் செல்வதாகத் தெரிவித்ததால் மேல் நடவடிக்கை தேவையில்லை” என்று வழக்கமான வரி. கையெழுத்து வாங்கினேன். அந்த அம்மா ரேகை வைத்தார். பெருக்குவதைப் பற்றி அவர் சொன்னதை எழுத அந்தப் படிவத்தில் இடம் இருந்தது. நான் எழுதவில்லை. கேட்ட கேள்விக்கு மன்னிப்பும் கேட்கவில்லை.